அப்பாவுக்கு அடிபட்டது உச்சந்தலையில், மூன்றாம் நாள் கறுத்தது கண் இமை. எப்படி?

வேப்பமரத்தடி கேட்டது:

அப்பாவுக்கு 71 வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், கைதவறி விழுந்த மக்கை எடுக்கக் குனிந்திருக்கிறார். நிமிரும்போது திறந்து கிடந்த ஜன்னல் கதவின் இரும்பு மூலை உச்சந்தலையில் பட்டுவிட்டது. மயக்கம் இல்லை, வாந்தி இல்லை. ஆனால் ரத்தம்! ஒரு தேங்காய்ப்பூ துண்டு முழுக்க நனைந்து, அடுத்த துண்டும் பாதி நனைந்துவிட்டது. காயத்துக்குள் வெள்ளையாக எலும்பு தெரிந்தது என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காயம் 4 செ.மீ. நீளம், 6 தையல். தலையை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, எலும்பும் மூளையும் நன்றாக இருக்கின்றன என்றார்கள். அவருக்கு எட்டு மாதத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தது. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் இரண்டும் சாப்பிடுகிறார்.

இன்று செவ்வாய். காலையில் எழுந்து வந்தவரைப் பார்த்து அம்மா அலறிவிட்டாள். மேல் இமைகள் இரண்டும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடக்கின்றன. கண்ணில் அடியே படவில்லை. தையல் போட்டவரைப் போனில் பிடிக்க முடியவில்லை, மாலைதான் வருவாராம். இது எதனால்?

கிக்கர்ராஜா:

நிமிரும்போது தடுமாறி எங்கேயாவது முகத்தையும் இடித்திருப்பார் சார், வயசானவங்க சொல்ல மாட்டாங்க. காப்பித்தூள் வைத்தீர்களா? எங்கள் வீட்டில் தலையில் அடி என்றால் அதுதான், ரத்தம் உடனே நிற்கும். கண்ணுக்குக் கண் டாக்டரைப் பாருங்கள்.

வார்டு அக்கா:

தம்பி, முதலில் அப்பாவை ஒரு தரம் கூப்பிட்டுப் பாருங்கள். பேச்சு எப்போதும்போல இருக்கிறதா? தலைவலி ஏறிக்கொண்டே போகிறதா, வாந்தி உண்டா, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிகிறதா, காதுக்குப் பின்னால் கறுத்திருக்கிறதா? ஒன்று இருந்தாலும் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு வண்டியை எடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் மேலே படியுங்கள். ஆனாலும் மாலையில் அவரைக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், இதைப் போனில் கேட்டு முடிக்காதீர்கள்.

நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனைகளில் 31 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் கேஷுவால்டி. திருவிழா சீசனில் ஒரு ராத்திரிக்கு ஐந்தாறு மண்டை உடைந்து வரும். அதில் கற்றதைச் சொல்கிறேன்.

உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்துக்கொண்டு புருவத்தை நன்றாக மேலே தூக்குங்கள். கைக்கு அடியில் தலைத்தோல் முன்னே பின்னே நகருகிறதா? நகருவது வெறும் தோல் இல்லை. தோல், அதற்கு அடியில் கெட்டியான நார்த்திசு, அதற்கும் அடியில் தசைநார் விரிப்பு ஒன்று, இந்த மூன்றும் ஒன்றாக ஒட்டி ஒரே கம்பளமாக நகருகின்றன. நான்காவதாக, சிலந்தி வலை மாதிரி ஒரு தளர்ந்த திசு இருக்கிறது. கம்பளம் வழுக்குவது அதன் மேல்தான். ஐந்தாவது, எலும்பை ஒட்டிய உறை. இந்த ஐந்தும் சேர்ந்ததுதான் ஸ்கால்ப்.

இப்போது ரத்தத்துக்கு வருவோம். இரண்டாவது அடுக்கான நார்த்திசுவைத் தேங்காய் மட்டையின் நார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையின் ரத்தக்குழாய்கள் அந்த நாருக்குள்தான் ஓடுகின்றன. கையிலோ காலிலோ வெட்டுப்பட்டால் குழாய் ரப்பர் மாதிரி சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும், பாதி ரத்தம் அதிலேயே நிற்கும். இங்கே நார் நாலா பக்கமும் பிடித்துக்கொண்டிருப்பதால் சுருங்க முடியாது. சுவருக்குள் பூசிய பைப்பை அறுத்த மாதிரி வாய் திறந்தபடியே கொட்டும். போதாததற்கு ஒரு பக்கத்துக்கு ஐந்து தமனிகள்: நெற்றியில் இரண்டு, காதுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பிடரியில் ஒன்று. இடமும் வலமும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டவை. ஒரு முனையை அடைத்தால் மறுமுனையிலிருந்து வரும். அதனால் சின்னக் காயத்துக்கே துண்டு நனையும். உங்கள் அப்பா மாத்திரை வேறு சாப்பிடுகிறார், இரண்டாவது துண்டு அந்தக் கணக்கில் போனது.

கிக்கர்ராஜா தம்பிக்கு: ரத்தம் நின்றது காப்பித்தூளால் இல்லை, அதை வைத்து அழுத்திய கையால். சுத்தமான துணியை வைத்து எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து பதினைந்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள், போதும். முடியும் ரத்தமும் காப்பித்தூளும் சேர்ந்து உறைந்த அடையைச் சலைன் ஊற்றி ஊற்றிக் கரைத்து எடுக்க எனக்கு அரை மணி நேரம் போகும், அடிபட்டவருக்கு உயிரே போகும். இத்தனை வருஷத்தில் எத்தனை கிலோ கழுவியிருப்பேனோ! ஒன்று மட்டும்: அழுத்தும்போது எலும்பு உள்ளே அமுங்குகிற மாதிரி தெரிந்தால் அழுத்தக் கூடாது. துணியை மேலாக வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

அம்மா பார்த்த வெள்ளை அநேகமாக எலும்பாக இருக்காது. மூன்றாவது அடுக்கான அந்த விரிப்பும் பளபளவென்று வெள்ளையாகத்தான் இருக்கும். கேலியா என்பார்கள், லத்தீனில் தலைக்கவசம் என்று அர்த்தம். முன்னால் நெற்றித் தசை, பின்னால் பிடரித் தசை, இரண்டுக்கும் நடுவில் இழுத்துக் கட்டிய பந்தல் துணி மாதிரி இருக்கிறது அது. மேல் தோல் மட்டும் கிழிந்தால் காயம் வாய் பிளக்காது. கேலியா குறுக்காக அறுந்தால் இரண்டு தசையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து ‘ஆ’வென்று பிளந்துவிடும். ஆறு தையல் போட்டிருக்கிறார்கள் என்றால் உங்கள் அப்பாவுக்கு இது நடந்திருக்கலாம்.

கேலியா அறுந்தபோது கொஞ்சம் ரத்தம் அடியில் இருக்கும் தளர்ந்த நான்காவது அடுக்கிலும் இறங்கியிருக்கும். அங்கே தடுக்க ஒன்றும் இல்லை, வழுக்கிக்கொண்டே போகும். பின்பக்கம் பிடரித் தசை எலும்பில் ஒட்டியிருக்கிறது, வழி இல்லை. பக்கவாட்டில் கன்னப்பொட்டுக்குக் கீழே அடைப்பு. முன்பக்கம்? நெற்றித் தசைக்கு எலும்பில் பிடிப்பே கிடையாது. புருவத் தோலில்தான் முடிகிறது. அதனால்தான் புருவம் தூக்கினால் தோல் நகருகிறது, அதனால்தான் ரத்தத்துக்கும் அந்த வாசல் திறந்திருக்கிறது. ஒரு நாள், இரண்டு நாள் மெதுவாக இறங்கி, தோல் மெல்லியதாகத் தொளதொளவென்று இருக்கும் மேல் இமையில் வந்து தேங்கிவிடும். உச்சியில் அடி, இமையில் கறுப்பு.

மண்டையின் அடித்தள எலும்பு உடைந்தாலும் கண்ணைச் சுற்றிக் கறுக்கும். மூக்கு, காது, காதுக்குப் பின்னால் என்று முதலில் கேட்டது அதற்காகத்தான். ஸ்கேனில் எலும்பு நன்றாக இருப்பதால் முதல் காரணம்தான் பொருந்துகிறது. இருந்தாலும் கண்ணால் பார்த்து அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது இதைவிடப் பெரிய வம்பு.

வேப்பமரத்தடி:

அக்கா, பேச்சு தெளிவு, வாந்தி இல்லை, வடிதல் இல்லை. காதுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன், சுத்தம். வீட்டில் நான்கு பேரும் தலையில் கையை வைத்துப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்பாவும்தான். வலிக்கிறது என்று நிறுத்திவிட்டார்.

இன்னொரு கோபமும் இருக்கிறது. 4 செ.மீ. காயத்துக்கு அரைத் தலையைச் சிரைத்துவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழனிக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டு வளர்த்த முடி அது. தையல் பிரித்த பிறகு மொட்டை போடலாமா?

ஃபார்மலின் வாசம்:

நான் எம்.பி.பி.எஸ். முதல் வருஷம். போன மாதம்தான் இதை அறுத்துப் பார்த்தோம், கை துறுதுறுக்கிறது, எழுதிவிடுகிறேன். அக்கா சொன்ன ஐந்து அடுக்குக்கும் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தை எடுத்து வரிசையாக வைத்தால் ‘ஸ்கால்ப்’ என்றே வரும். அனாட்டமியில் தன் பெயரிலேயே பிட் எழுதி வைத்திருக்கும் ஒரே உறுப்பு இதுதான் என்று எங்கள் பேட்ச்சில் சொல்வோம்.

மேல் மூன்று அடுக்கையும் தனித்தனியாகப் பிரிக்க முயன்று தோற்றேன். நார் விடவே விடாது, கத்தி மழுங்கிவிடும். ஆனால் நான்காவது அடுக்கை எட்டியதும் கத்தியே வேண்டாம். கத்தியின் காம்பை நுழைத்துத் தள்ளினால் சரசரவென்று முழுத் தொப்பியும் கழன்று வருகிறது. பார்த்த எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இந்த நான்காவது அடுக்குக்கு ‘ஆபத்தான பகுதி’ என்று ஒரு பெயரும் உண்டு. தலைக்கு வெளியே இருக்கும் சிரைகளை மண்டைக்கு உள்ளே இருக்கும் பெரிய சிரைகளோடு இணைக்கும் குட்டிச் சிரைகள் எலும்பைத் துளைத்துக்கொண்டு இதன் வழியாகத்தான் போகின்றன. அவற்றில் வால்வு இல்லை என்று படித்தோம், ரத்தம் எந்தப் பக்கமும் போகலாம். இங்கே சீழ் பிடித்தால் கிருமி உள்ளே போய்விடும். அதனால் காய்ச்சல், காயத்தில் சிவப்பு, சீழ் இருந்தால் உடனே காட்டுங்கள்.

அக்கா, ஒரு சந்தேகம். உயிரோடு இருக்கும் ஆளுக்கு அந்தத் தொப்பி கழன்று நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

வார்டு அக்கா:

பார்த்திருக்கிறேன், ஒரே ஒரு தடவை. முதலில் வேப்பமரத்தடி தம்பிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

தலையில் தையலை 7 முதல் 10 நாளில் பிரிப்பார்கள். பிரித்த உடனே சவரக்கத்தி வைக்க வேண்டாம். தழும்பு பிஞ்சாக இருக்கும், கத்தி தட்டினால் திறந்துகொள்ளும். ஒன்றிரண்டு மாதம் போகட்டும், முருகன் காத்திருப்பார். அரைத் தலையைச் சிரைத்தது அவசியமில்லை, காயத்தின் ஓரத்தைக் கத்தரித்தாலே போதும். காயத்தின் இரண்டு பக்க முடியையும் முறுக்கிச் சேர்த்து ஒரு சொட்டுப் பசை வைத்து மூடும் முறைகூட உண்டு. சிங்கப்பூரில் 2002-ல் தையலோடு ஒப்பிட்டுப் பார்த்து, நன்றாகவே வேலை செய்கிறது என்று எழுதினார்கள். ஆழமாகப் பிளந்து கொட்டும் காயத்துக்கு அது ஆகாது, உங்கள் அப்பாவுக்குத் தையல்தான் சரி. ஆனால் கேட்டுவிட்டுச் சிரைத்திருக்கலாம்.

இப்போது அந்தத் தொப்பி. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருஷம் என்று நினைக்கிறேன். நெல் மில்லில் வேலை பார்த்த பெண், முப்பது வயதுகூட இருக்காது. குனிந்து கூட்டும்போது பின்னல் முன்னால் விழுந்து பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. முடி அறுந்துபோயிருந்தால் பிழைத்தாள். முடியின் வேர் கெட்டி, தோல் கெட்டி, நார் கெட்டி, கேலியா கெட்டி. விட்டுக்கொடுத்தது அந்தச் சிலந்தி வலைதான். புருவத்துக்கு மேலே, காதுகளுக்கு மேலே, பிடரி, இப்படிச் சுற்றி வந்து அப்படியே உரிந்துவிட்டது. பின்னல் கலையாமல் ரிப்பனோடு இருந்தது. மஞ்சப்பையில் ஐஸ் கட்டியைக் கொட்டி அதற்குள் போட்டுக் கொண்டுவந்தார்கள்.

ஐஸ் நேராகப் படக் கூடாது, திசு செத்துவிடும். ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டும். அவர்களுக்கு யார் சொன்னார்கள்? எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். நகரத்துக்கு அனுப்பினோம். ஒட்டவைக்க முடியவில்லை. தொடைத்தோலை எடுத்து வைத்தார்கள். எலும்பு உறை, அந்த ஐந்தாவது அடுக்கு, மிஞ்சியிருந்ததால் அது பிடித்தது. உறையும் போய் மொட்டை எலும்பாக இருந்தால் தோல் பிடிக்காது. இரண்டு வருஷம் கழித்துச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என்னைப் பார்க்க வந்தாள். முடி இல்லை.

நுண்ணறுவை மூலம் தலைத்தோலை முழுசாகத் திரும்ப ஒட்டியதை ஆஸ்திரேலியாவில் 1976-லேயே எழுதிவிட்டார்கள். பஞ்சாபில் 1994-ல் ஒன்பது வயதுச் சிறுமியின் பின்னல் கதிரடிக்கும் இயந்திரத்தில் சிக்கி, தலைத்தோலோடு முகமும் உரிந்து வந்தது. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஆபிரகாம் தாமஸ் குழுவினர் அதை ஒட்டிக் காப்பாற்றினார்கள். கடுகு கனத்துக் குழாய்கள் ஒன்றிரண்டு ஒட்டிவிட்டாலும் ரத்தம் பரவிவிடும். நான் மேலே திட்டினேனே, எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கிறது என்று, அதே கோர்வைதான் இங்கே காப்பாற்றுகிறது.

மில், கிரைண்டர், போர்செட் மோட்டார் பக்கம் வேலை செய்கிறவர்கள் பின்னலைக் கொண்டை போடுங்கள். துப்பட்டாவுக்கும் அதே.

நிலாவின் அம்மா:

சிஸ்டர், நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் பெண்ணுக்கு 12 நாள். வாக்குவம் வைத்து எடுத்த பிரசவம். பிறந்த மறுநாள் வலப்பக்கம் மண்டையில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம், இன்னும் இருக்கிறது. தொட்டால் தண்ணீர்ப்பை மாதிரி. மாமியார் எண்ணெய் வைத்து உருவிவிடணும் என்கிறார்.

வார்டு அக்கா:

உருவ வேண்டாம் கண்ணு. மாமியாரிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

பச்சைப்பிள்ளை தலையில் வீக்கம் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. தோலுக்கு அடியில் நீர் கோத்த வீக்கம் என்றால் பிறக்கும்போதே இருக்கும், எலும்பு இணைப்புகளைத் தாண்டிப் பரவும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். உங்கள் பிள்ளைக்கு மறுநாள் தெரிந்து, ஒரு பக்கமாகவே நிற்கிறது. எலும்பு உறைக்கு அடியில் ரத்தம் சேர்ந்தது மாதிரி தெரிகிறது, செஃபல்ஹீமடோமா என்பார்கள். உறை ஒவ்வொரு எலும்பின் ஓரத்திலும் இறுக்கி ஒட்டியிருப்பதால் அந்த எலும்பின் எல்லையைத் தாண்டாது. தானாக வற்றும், வாரக்கணக்கில் ஆகும், சிலதுக்கு மூன்று மாதம். ஓரம் கெட்டியாகி நடுவில் பள்ளம் மாதிரி தெரியும், பயப்படாதீர்கள். ஊசி போட்டு உறிஞ்சக் கூடாது, கிருமி போய்விடும். உள்ளே ரத்தம் உடைந்து கரைவதால் மஞ்சள் காமாலை கூடலாம். கண்ணும் தோலும் மஞ்சளாக இருந்தால், பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால், அன்றைக்கே காட்டுங்கள்.

பயப்பட வேண்டியது நடுவில் இருக்கும் அந்தச் சிலந்தி வலை அடுக்கில் கசிவதற்கு. வாக்குவம் பிரசவத்துக்குப் பிறகு அபூர்வமாக வரும். எல்லையே இல்லாமல் தலை முழுக்கப் பரவும், பிள்ளையின் உடம்பு ரத்தத்தில் பெரும் பங்கு அங்கேயே போய்விடும். பிறந்து சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் தெரிந்துவிடும், பிள்ளை வெளுத்துத் துவண்டுவிடும். உங்களுடையது அது இல்லை என்றுதான் தோன்றுகிறது. குழந்தை டாக்டர் பார்த்தாரா?

நிலாவின் அம்மா:

பார்த்தார் சிஸ்டர், இதே பெயர்தான் சீட்டில் எழுதியிருக்கிறார். புரியாமல் வைத்திருந்தேன். நன்றி.

கருக்கு கத்தி:

நாங்கள் மூன்று தலைமுறையாகச் சலூன். தலைக்காயம் பற்றிப் பேசும் இடத்தில் நான் வாய் திறக்காமல் இருக்கக் கூடாது.

மொட்டையில் கத்தி கீறும் இடம் இரண்டு: காதுக்குப் பின்னால் முட்டி நிற்கும் எலும்பு, பிடரி மேட்டு எலும்பு. நூல் அளவு கீறலுக்குக் கழுத்து வரை வழியும், வாடிக்கையாளர் கண்ணாடியில் பார்த்துவிட்டு எழுந்து நிற்பார். படிகாரத்தை நனைத்து வைத்து அழுத்தினால் நின்றுவிடும். படிகாரமா அழுத்தமா என்று அக்காவிடம் கேட்டால் அழுத்தம்தான் என்பார், விடுங்கள்.

தலைத்தோல் ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்கு விரலுக்கு அடியில் தாராளமாக நகரும், சிலருக்குத் தவில் தோல் மாதிரி இறுக்கம். பட்டாணி அளவில் உருண்டை உருண்டையாகக் கட்டி உள்ளவர்கள் நிறைய. வலிக்காது, முடி வெட்டும்போது சீப்பில் தட்டும். அப்பனுக்கு இருந்தால் பல வீட்டில் மகனுக்கும் இருக்கும், எனக்கு இரண்டு பேரும் வாடிக்கை என்பதால் தெரியும். கத்தி பட்டால் வம்பு என்று அந்த இடத்தில் மிஷின்தான் போடுவேன்.

வேப்பமரத்தடி சார், பழனிக்குப் போகும்போது தழும்பு எங்கே என்று கத்தி வைப்பவரிடம் முன்னாலேயே தொட்டுக் காட்டிவிடுங்கள். தலையை நனைத்துவிட்டால் தெரியாது.

வார்டு அக்கா:

அழுத்தம்தான். (படிகாரமும் குழாயைக் கொஞ்சம் சுருக்கும், உங்களுக்காக ஒத்துக்கொள்கிறேன்.) அந்தப் பட்டாணிக் கட்டிகள் முடிவேரின் உறையிலிருந்து வருபவை, பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. திடீரென்று பெருத்தால், புண்ணானால் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்காருகிறவர்களின் உச்சந்தலையை அவர்கள் வீட்டாரைவிட நீங்கள்தான் அடிக்கடி பார்க்கிறீர்கள்.

வேப்பமரத்தடி:

தகவல் சொல்ல வந்தேன். அன்று மாலையே போனோம். டாக்டர் இமையைத் தூக்கி, டார்ச் அடித்து, ‘மேலிருந்து இறங்கிய ரத்தம்’ என்று ஒரே வரியில் முடித்தார். நான் ‘நெற்றித் தசைக்கு எலும்பில் பிடிப்பு இல்லை, அதனாலா?’ என்று கேட்டேன். மனிதர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் உட்கார வைத்துப் பேசினார். மாத்திரையை நிறுத்த வேண்டாம், இரண்டு தலையணை வைத்துப் படுக்கச் சொன்னார்.

கறுப்பு நீலமாகி, பச்சையாகி, நேற்று மாங்காய்ப் பழுப்பு. ஒன்பதாம் நாள் தையல் பிரித்தாகிவிட்டது.

வார்டு அக்கா:

நல்லது தம்பி. காலண்டரில் இரண்டு மாதத்துக்குக் குறித்து வையுங்கள். வயதானவர்களுக்கு, அதுவும் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, முதல் ஸ்கேன் நன்றாக இருந்தாலும் மண்டைக்குள் மெதுவாகக் கசிந்து வாரங்கள் கழித்துத் தெரிய வரலாம். விடாத தலைவலி, நடையில் தள்ளாட்டம், ஒரு கை சோர்வு, பேச்சில் குழப்பம், பகலெல்லாம் தூக்கம், இதில் எதுவானாலும் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். திரும்ப ஸ்கேன்.

ஜன்னலை என்ன செய்தீர்கள்?

வேப்பமரத்தடி:

குறித்துவிட்டேன். ஜன்னல் கதவு மூலையில் பழைய டென்னிஸ் பந்தைக் கீறி மாட்டியிருக்கிறார் அப்பா. பச்சைப் பந்து, அவர் இமையின் போன வார நிறம். நேற்று அதில் இடித்துக்கொண்டது நான்.